தங்கைக்கு ஊர்ப்பக்கம் சிஎஸ்ஸா, கோவையில் இசிஇயா? தமிழ் வழியில் படித்து ஐடிக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

தறிவீட்டுப்பையன் எழுதியது:

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். தங்கை இந்த வருடம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான், தமிழ் வழிதான். பயோ மேத்ஸ் குரூப். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு 176. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவதால் கட்டணம், விடுதி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். அந்த வகையில் பெரிய நிம்மதி.

குழப்பம் இதுதான். போன வருடக் கணக்கைப் பார்த்தால் கோவையில் ஒரு அரசுக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கலாம். எங்கள் ஊரிலிருந்து காலேஜ் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிச்சயம் கிடைக்கும். அவளுக்கு புரோகிராமிங் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் கோடிங் என்பதை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. "எனக்கு இங்கிலீஷ் பேச வராதே அண்ணே, கம்பெனியில் எப்படி இருப்பேன்" என்று கேட்கிறாள். அம்மா பக்கத்துச் சொந்தங்கள் பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பாதே என்கிறார்கள். அப்பாவுக்கு அவள் பி.எஸ்சி., பி.எட். படித்து டீச்சர் ஆனால் போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலைப் பதிய வேண்டும். இந்தப் பாதையில் போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


சாக்பீஸ் எழுதியது:

தம்பி, நான் பொறியியல் கல்லூரியில் 20 வருடத்துக்கு மேல் பாடம் எடுப்பவன். முதலில் கோடிங் பயத்தைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே ஒரு புரோகிராமிங் பாடம் உண்டு. பயோ மேத்ஸ் பிள்ளைகள் அதில்தான் முதன்முதலில் கோடு எழுதுகிறார்கள். அதில் தடுமாறுபவர்களைவிட இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைக் கண்டு மலைப்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த இரண்டு மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் தமிழ் வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிதான் பாடம். மாறி, மடக்கு, செயற்கூறு என்று தமிழில் ஒருமுறை படித்துவிட்டு அதே பாடத்தை இங்கிலீஷ் புத்தகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் இங்கிலீஷ் அவ்வளவு பயமுறுத்தாது.

கல்லூரியைப் பொறுத்தவரை, பக்கத்துக் கல்லூரி என்பதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். ஒரு வேலை நாளில் நேரில் போய், சாயங்காலம் கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கிறதா, உள்ளே மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பூட்டிக் கிடந்தால் யோசியுங்கள். லேப் நன்றாக இருந்தால் என் ஓட்டு சிஎஸ்ஸுக்குத்தான்.


கரிசல்பொண்ணு எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை ஆபீஸ் பஸ்ஸில் வரும்போது படித்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் கோவில்பட்டிப் பக்கம். அம்மா, அப்பா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸ். அம்மா கட்டை அடுக்கப் போவார். நான் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 2012இல் பிளஸ் டூ முடித்தேன். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், பள்ளியில் எனக்குக் கொடுத்த அரசு லேப்டாப்தான். இன்டர்நெட் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து பெயின்ட்டில் கோலம் போட்டுப் பார்ப்பார்கள்.

நான் நன்றாகப் படிப்பேன்தான். ஆனால் 2007இல் இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வை அரசு ரத்து செய்திருக்காவிட்டால் திருநெல்வேலியில் தங்கிக் கோச்சிங் போக எங்கள் வீட்டில் வழியே இல்லை. 2010இல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்திருக்காவிட்டால், சீட் கிடைத்தும் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். தாலுகா ஆபீசுக்கு அப்பா மூன்று முறை நடந்து வாங்கிவந்த அந்தச் சான்றிதழை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அரசியலுக்கும் உன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று என் டீமில் சிலர் கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டு வருடங்களும் மனப்பாடம்.

அப்போதெல்லாம் கவுன்சலிங் ஆன்லைன் இல்லை. ராத்திரி பஸ் ஏறி அப்பாவும் நானும் கிண்டிக்குப் போனோம். பெரிய திரையில் கல்லூரி வாரியாக எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை குறையும். அப்பா காதோரம் "நம்ம பக்கமா பாரு தாயி" என்றார். நான் சென்னைக்கு வெளியே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியைத் தொட்டேன். கீழே இறங்கி வந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

படிப்புக்கு வருகிறேன். முதல் வருடம் சி மொழி. அதில் பாயின்டர், அதாவது ஒரு மதிப்பு மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி, வந்தபோது வகுப்பே விழித்தது. எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. வீட்டையே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்காமல் கதவு எண் எழுதிய சீட்டைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஹாஸ்டலில் நான்கு பேருக்கு இப்படியே தமிழில் சொல்லிக் கொடுத்தேன். அந்த செமஸ்டர் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதையே கேட்டார். தெரியும். வாய் திறக்கவில்லை. "வீடு", "சீட்டு" என்று மனசுக்குள் ஓடுகிறது, இங்கிலீஷில் முதல் வார்த்தை வர மறுக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அன்று ராத்திரி அழுதேன்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் ஒன்பது மணிவரை லேப்பில் இருக்கலாம். கோடிங் போட்டிக்குத் தயாராவது, சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை தேடுவது, எல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் நடக்கும். நான்கு வருடத்துக்கு அதைக் கூட்டிப் பாருங்கள். பிறகு கம்பெனிக்கு வந்ததும் "பெண்கள் டெஸ்டிங்குக்கு நன்றாகப் பொருந்துவார்கள்" என்பார்கள். என்னையும் டெஸ்டிங்கில்தான் போட்டார்கள், அடுத்தவர் எழுதிய கோடில் பிழை தேடும் வேலை. கோடு எழுதும் டெவலப்மென்டுக்கு மாற இரண்டரை வருடம் ஆனது. சாக்பீஸ் சார் லேப்பைப் பார்க்கச் சொன்னார். நீங்கள் பெண்கள் விடுதியின் கதவு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேலையைப் பற்றி. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, இதெல்லாம் தாண்டிவிடலாம். குரூப் டிஸ்கஷனில்தான் இரண்டு கம்பெனி என்னைக் கழித்தன. மூன்றாவது கம்பெனியில் எழுத்துத் தேர்வுக்கு மதிப்பு அதிகம், அதில் வந்தேன். கல்லூரி வாசல்வரை அரசு நம் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்று 2010இல் சட்டமே போட்டார்கள். தனியார் கம்பெனி வாசலில் அது எதுவும் கிடையாது. அங்கே முதல் பத்து நிமிடம் நீ எப்படிப் பேசுகிறாய் என்பதை வைத்தே உன் தலையில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு கோளாறை ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பே பார்த்துவிட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளரும் இருக்கும் போன் காலில் "எனி கொஸ்டின்ஸ்?" என்றார்கள். எல்லோரும் மௌனம், நானும் மௌனம். ரிலீஸ் ஆன அன்றே அது வெடித்தது. அதன் பிறகு எங்கள் டீம் லீட், மதுரைக்காரர், என்னைக் கூப்பிட்டு, "தமிழ்ல சொல்லும்மா, நான் அங்க பேசுறேன். அடுத்த வாரம் நீயே பேசு" என்றார். அடுத்த வாரத்துக்கு மூன்று வாக்கியம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். வாசித்தேன். ஒன்றும் ஆகவில்லை, "தேங்க்ஸ்" என்றார்கள். ஒரு வருடம் அப்படி எழுதி எழுதித்தான் பேசினேன். இப்போது நோட்டு வேண்டியதில்லை. தங்கையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் புராஜெக்ட் ஒரு காப்பீட்டுப் படிவம். அதில் கடைசிப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நம்மில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயரே இல்லை, இனிஷியல்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதே என்றார்கள். நம் ஊரில் அது ஊன்றிப்போனது, இன்று நம் சர்ட்டிஃபிகேட்டில் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. அந்த ஓர் எழுத்தைப் படிவம் தள்ளிவிடும். டீமில் இருந்த வடநாட்டு, அமெரிக்க ஆட்கள் யாருக்கும் அது பிழையாகவே தோன்றவில்லை. நான்தான் எழுப்பினேன், விளக்கினேன், சரிசெய்ததும் நான்தான். என் பெயர் போட்டு உள்ளே போன முதல் கோடு அது. ஆபீஸ் கணக்கில் என் கடைசிப் பெயர் என்பது அப்பா பெயர்தான். அமெரிக்காவிலிருந்து பேசுபவர்கள் சில நேரம் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கோவைக்குத்தான் அனுப்பச் சொல்வேன். இசிஇ படித்தவர்களையும் ஐடி கம்பெனிகள் எடுக்கும். என் டீமிலேயே மூன்று பேர் இசிஇ. தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்விட்டு வந்து, வீட்டில் தண்ணீர் பிடித்து, தறிக்கு ஊடைக் கண்டு சுற்றிக் கொடுத்துவிட்டு கோடிங் பழகுவது கஷ்டம் தம்பி. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்கு வேலை தானாக வந்து சேரும். அது போக, அங்கே போனால் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு இருப்பாள். சாக்பீஸ் சாருக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம்.


பெருங்குடிவாசி எழுதியது:

நான் ஐடி கம்பெனியில் ஃப்ரெஷர் (படித்து முடித்துப் புதிதாக வருபவர்கள்) இன்டர்வியூ எடுப்பவன். அக்கா சொன்ன அந்தப் பத்து நிமிடம் முழு உண்மை. நானும் சில வருடம் அப்படித்தான் ஆள் எடுத்தேன், அதில் நல்ல பிள்ளைகளை விட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. இப்போது பேப்பரைக் கொடுத்து முதலில் எழுதச் சொல்கிறேன். பிறகு "தமிழில் சொல்லலாம்" என்பேன். முகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். எல்லா இடத்திலும் அப்படிக் கேட்க மாட்டார்கள், அதனால் தங்கை தான் எழுதிய ஒரு புரோகிராமையாவது வரிவரியாக இங்கிலீஷில் சொல்லிப் பழகட்டும். பொதுவாகப் பேசுவதைவிட அது எளிது. பேசுவதற்கு முன்னால் ஒரு பொருள் இருக்கும்.

ஊர்ப்பக்கமே வேலை வேண்டுமென்றால் அதற்கும் இப்போது வழி இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் நியோ டைடல் பார்க் என்று சிறிய ஐடி பூங்காக்கள் திறந்திருக்கிறார்கள். படித்து முடித்தால் ஊரை விட்டே போய்விடுவாள் என்று அப்பா பயந்தால் இதைச் சொல்லுங்கள்.


சாக்பீஸ் எழுதியது:

கரிசல்பொண்ணு, விடுதிக் கதவு விஷயம் எனக்கு இத்தனை வருடத்தில் உறைக்கவே இல்லை. எங்கள் கல்லூரியிலும் அதே ஆறரைதான். திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். தம்பி, என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். கோவை.


தறிவீட்டுப்பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி போனில் தங்கைக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் அம்மாவும் இருந்தார். பாயின்டர் இடத்தில் தங்கை "திரும்ப வாசி" என்றாள். விடுதிக் கதவு விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மா, "ஆறரைக்குப் பூட்டினா நல்லதுதானே" என்றார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அப்பாவே அழைத்து, கோவையை முதலில் போடு என்றார். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், அதைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள் என்றும் அவளிடம் சொன்னாராம்.

அக்கா, தங்கை ஒன்று கேட்கச் சொன்னாள். அவளுக்கும் இனிஷியல்தான், ஓர் எழுத்து. இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?


கரிசல்பொண்ணு எழுதியது:

சந்தோஷம் தம்பி. சர்ட்டிஃபிகேட்டில் எதையும் மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட் எடுக்கும்போது மட்டும் கடைசிப் பெயர் கேட்கும் இடத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஆதார், பான், பேங்க் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதே மாதிரி இருக்கட்டும். நான் மூன்று இடத்தில் மூன்று மாதிரி எழுதிவிட்டு ஒரு வருடம் அலைந்தேன்.