தண்டையார்பேட்டை சொந்தங்கள் குழு: பழைய வண்டியும் வாட்டர் பம்பும்

தினேஷ்: ரவி மாமா, பழைய வண்டி இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஃபியட் புண்டோ 1.2 பெட்ரோல், இன்னொன்று ஹோண்டா சிட்டி, 2010 மாடல். புண்டோ விலை நல்லா குறைவு. எதை எடுக்கலாம்?

ரவி மாமா: பெயின்ட்டைத்தானே பார்த்தாய், வாட்டர் பம்ப்பைப் பார்த்தாயா?

சாந்தி சித்தி: கார் வாங்கப் போனவன் மோட்டாரை ஏன் பார்க்கணும்? 😄

ரவி மாமா: வீட்டு மோட்டார் இல்லை சாந்தி, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்டை உள்ளே சுற்ற விடுகிற பம்ப். புண்டோவின் அந்த இன்ஜினில் அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற பல் வைத்த பெல்ட். பம்ப்பைத் தொடணும் என்றால் கவரையும் பெல்ட்டையும் கழற்றி, மறுபடி டைமிங் மார்க் பார்த்து மாட்டணும், பம்ப் இறுகிவிட்டால் பெல்ட்டின் பல்லை உரித்துவிடும், வண்டி நடுரோட்டில் நிற்கும். சிட்டியில் டைமிங்குக்குச் செயின். பம்ப், பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் பெல்ட்டோடு வெளியிலேயே ஓடுகிறது, டைமிங்கைத் தொடாமல் மாற்றலாம்.

தினேஷ்: அப்போ ஃபியட்டே வேண்டாமா?

ரவி மாமா: அப்படிச் சொல்லாதே. ஸ்விஃப்ட் டீசலில் இருப்பதும் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின்தான், அதில் செயின், பம்ப் வெளியே.

தாத்தா: அம்பாசடரில் இந்தத் தொல்லையே இல்லை. பானெட்டைத் திறந்தால் முன்னாலேயே பம்ப், அதன் ஷாஃப்ட்டிலேயே விசிறி. கூலண்டாவது ஒன்றாவது, போர் தண்ணீர்தான் ஊற்றினேன்.

ரவி மாமா: அந்த விசிறியின் பாரத்தையும் பம்ப் பேரிங்தான் சுமந்தது அப்பா. உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் என்பது கார்பன் வளையமும் செராமிக் வளையமும் உரசி ஓடுவது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் துருவும் படிவும் உதிர்ந்து அதற்குள் போனால் தேய்ந்துவிடும்.

பிரியா (டெட்ராய்ட்): மாமா, இங்கே 2013 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் மலிவாக வருகிறது, 3.5 வி6.

ரவி மாமா: அதில் பம்ப் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது, சுற்றுவது டைமிங் செயின். கசிவு வெளியே வர ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் சீல் மோசமாகப் போனால் கூலண்ட் நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

கார்த்தி: பிஎம்டபிள்யூவில் பெல்ட்டே இல்லாத பம்ப்பாமே?

ரவி மாமா: 2004-ல் வந்த என்52 இன்ஜினிலேயே கரண்ட் பம்ப்தான். 2009 பிரியஸில் டொயோட்டா இன்ஜினுக்கு வெளியே எந்த பெல்ட்டும் வைக்கவில்லை, பம்ப்பும் கரண்ட்டில்தான். எனக்குப் பிடித்த டிசைன். பெல்ட் பம்ப் ஐடிலில் மெல்லத்தான் சுற்றும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஏசி போட்டு நிற்கும்போதுதான் அந்தக் குறை தெரியும். கரண்ட் பம்ப் சூட்டைப் பார்த்துச் சுற்றும். ஆனால் போனால் மோட்டாரும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்த்தே போகும், புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளில் பேரிங் மட்டும் வாங்கிப் போட்டு ஓட்ட முடியாது.

தினேஷ்: சரி, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ன பார்க்கணும்?

ரவி மாமா: சிட்டியில், இன்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது பெல்ட் ஓடுகிற பம்ப் சக்கரத்தை, அதாவது புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார், ஆடக் கூடாது. பம்ப்புக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும், சீல் விட்டால் பேரிங்குக்குப் போகாமல் அது வழியாகக் கசியட்டும் என்று வைத்தது. மொபைல் லைட் அடித்துப் பார், காய்ந்த பச்சைக் கோடோ வெள்ளைப் பொருக்கோ இருந்தால் போட்டோ அனுப்பு. புண்டோக்காரரிடம் டைமிங் பெல்ட் மாற்றிய பில் கேள், அதில் பம்ப்பும் இருக்கிறதா பார். இல்லையென்றால் அந்தக் காசைக் கழித்துப் பேசு.