கோபால் (COBOL) மொழி நிரலில் சிபியுவைத் தின்பது எது?

பாளைக்காரன்:
வீட்டிலிருந்தே மெயின்பிரேம் (வங்கி மாதிரி இடங்களில் ஓடும் பெரிய கணினி) வேலை பார்க்கிறேன். போன வாரம் கைக்கு வந்த வட்டிக் கணக்கு பேட்ச் (மொத்தமாக ஒரே ஓட்டத்தில் ஓடும்) நிரலில் 5,000 வரி டேபிள் ஒன்று. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் சும்மா சர்ச் (SEARCH) போட்டு முதல் வரியிலிருந்து தேடுகிறது. டவுனில் ஒரு வீட்டுக்குப் போக நாலு ரத வீதியிலும் கதவைத் தட்டிக்கொண்டே வருகிற மாதிரி. சராசரியாக 2,500 ஒப்பீடு. சர்ச் ஆல் (SEARCH ALL) என்றால் வரிசையாக இருக்கிற டேபிளைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் (பைனரி தேடல்), 13 போதும். இன்னொரு லூப்பில் சப்ஸ்கிரிப்ட் (டேபிளில் எத்தனையாவது வரி என்கிற எண்) பிக் 9(4) டிஸ்ப்ளே, அதாவது எழுத்து வடிவில் இருக்கிறது, அதைத் தொடும்போதெல்லாம் பேக் செய்து பைனரியாக்கி அப்புறம்தான் இடத்தைக் கணக்குப் போடும். நேராக பைனரியிலேயே வைக்கச் சொல்லி காம்ப் (COMP) என்று நாலு எழுத்து சேர்க்க என்ன சோம்பலோ!

தென்காசி ரோடு:
அண்ணாச்சி, 20 வருஷமாக ஒழுங்காக ஓடுகிற நிரலை ஏன் நோண்டுகிறீர்கள்? புது கம்பைலரில் (நிரலை இயந்திர மொழியாக்குவது) ஆப்ட் 2 என்ற வேகப்படுத்தும் விருப்பத்தைப் போட்டால் பாதி தானே சரியாகிவிடும். ராத்திரி 2 மணிக்கு அபெண்ட் ஆனால், அதாவது நிரல் பாதியில் நின்றுபோனால், போன் எனக்குத்தானே வரும்.

பாளைக்காரன்:
தம்பி, டேபிள் வரிசையில் இருக்கிறதா என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? நேர் தேடலை அது பைனரி தேடலாக மாற்றவே மாற்றாது. சிபியு ஓசியும் இல்லை, பல இடங்களில் சாப்ட்வேர் கட்டணமே சிபியு பயன்பாட்டின் 4 மணி நேர உருளும் சராசரி அந்த மாதத்தில் தொட்ட உச்சத்தை வைத்துத்தான்.

தென்காசி ரோடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்கள் பேட்ச் அந்த உச்சத்தில் ஓடவில்லை என்றால் பில்லில் ஒரு பைசா குறையாது. அப்புறம், சர்ச் ஆல் போட்டு நான் பட்ட பாடு இருக்கே... டேபிள் முழுக்க நிரம்பவில்லை, மிச்ச இடமெல்லாம் ஸ்பேஸ், ஸ்பேஸோ எண்களைவிடச் சின்னது, ஏறுவரிசை கெட்டுப்போய் டேபிளில் இருக்கிற குறியீட்டையே (code) இல்லை என்றது. எரர் எதுவும் வரவில்லை, கணக்கு மட்டும் தப்பு! ஹை வேல்யூஸ் (எல்லாவற்றையும்விடப் பெரிய மதிப்பு) நிரப்பியிருக்க வேண்டும், தெரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

குறுக்குத்துறை:
இரண்டு பேரும் அளந்து பார்த்தீர்களா? எங்கள் ஜாபில் எல்லோரும் லூப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் பைல் விவரத்தில், பல ரெக்கார்டை ஒரே பிளாக்காகச் சேர்த்து எழுத வைக்கிற பிளாக் கன்டெய்ன்ஸ் 0 விட்டுப்போயிருக்கிறது. ஒரு ரெக்கார்டுக்கு ஒரு பிளாக்காக எழுதித் தள்ளியிருக்கிறது. ஒரே வரி, திருத்தியதும் சிபியுவும் குறைந்தது, ஓடுகிற நேரமும் குறைந்தது. 300 தடவை சுற்றுகிற லூப்பில் காம்ப் போட்டு என்ன மிச்சம்?

பாளைக்காரன்:
என் லூப் ரெக்கார்டுக்கு ரெக்கார்டு சுற்றுகிறது, அதனால் காம்ப் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு டேபிளைத் திறந்து பார்த்தேன். கடைசி 300 வரி வெறும் ஸ்பேஸ்.