வளர்ச்சி விகிதத்தை விட்டால், கொள்கையின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி:
ஒரு கொள்கை வென்றதா என்று கேட்டால், மொத்த உள்நாட்டு உற்பத்தி எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதையே பலரும் விடையாகத் தருகிறார்கள். தேசிய வருமானக் கணக்கை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸே, அந்தக் கணக்கிலிருந்து ஒரு நாட்டின் நலத்தை அறிவது அரிது என்று 1934-ஆம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்திருக்கிறார். அதற்கு மாற்றாக வைக்கத்தக்க ஒற்றை எண் ஏதேனும் உண்டா?

பதில் 1:
பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கி, 1990-இல் வெளிவந்த மனித வளர்ச்சிக் குறியீட்டைப் பாருங்கள். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அது ஓர் எண்ணாக்குகிறது. தொடக்கத்தில் கூட்டுச் சராசரியை (மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது) பயன்படுத்தியதால், கல்வியின் பள்ளத்தை வருமானத்தின் மேட்டைக்கொண்டு நிரப்பிவிட முடிந்தது. 2010-இல் பெருக்குச் சராசரிக்கு (மூன்றையும் பெருக்கி அதன் கனமூலத்தைக் காண்பது) மாறினார்கள். மூன்று மதிப்புகள் 0.9, 0.9, 0.3 என்றிருந்தால் பழைய முறை 0.70 என்று காட்டும். புதிய முறையில் அது ஏறத்தாழ 0.62-க்கு இறங்கிவிடும். சூத்திரத்தை மாற்றியதாகத் தோன்றினாலும், எதை எதனால் ஈடுசெய்யலாம் என்ற அறம் சார்ந்த முடிவையே அங்கே மாற்றியிருக்கிறார்கள்.

பதில் 2:
மேலே சொன்னது நாட்டை அளக்கிறது, கொள்கையை அளக்கவில்லை. ஆயுட்காலம் கூடியதற்குத் தடுப்பூசியும் குடிநீரும் தாயின் கல்வியும் ஒருசேரக் காரணமாக இருக்கும்போது, அந்த உயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் பெயரில் வரவு வைப்பது பிழை. அத்திட்டம் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை, திட்டம் சென்று சேராத ஒத்த பகுதிகளோடு ஒப்பிட்டே ஓரளவு கணிக்க முடியும். பயன் யாருக்குச் சேர்ந்தது என்பதையும் சராசரி மறைத்துவிடும். பொருளியலாளர்களான ஆல்கயர், ஃபாஸ்டர் இருவரின் முறையில் அமைந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு, ஒவ்வொரு குடும்பத்திலும் எந்தெந்தக் குறைகள் ஒன்றுசேர்ந்துள்ளன என்று 10 சுட்டிகளைக்கொண்டு பார்ப்பதால், நிர்வாகத்துக்கு அதுவே கூடுதலாக உதவும் என்பது என் கருத்து.

பதில் 3:
ஒப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், எந்தச் சுட்டியையும் இலக்காக அறிவித்த மறுநாளே அது கெடத் தொடங்குகிறது. பள்ளிச் சேர்க்கையை இலக்காக்கினால் பதிவேடு நிறையும். பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதைத் தனியே சோதித்தால்தான் தெரியும். 33 சுட்டிகள் கொண்ட பூட்டானின் மகிழ்ச்சிக் குறியீடும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, இலக்கை நிர்ணயிக்கும் துறையிடமே அளவுகோலையும் ஒப்படைக்கக் கூடாது.