புது பைக் இன்ஷூரன்ஸ் – நம்ம வீட்டு குரூப்

கார்த்தி: செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு புரோக்கரே இன்ஷூரன்ஸ் போட்டு குடுத்தாருல்ல, இன்னிக்கு கவர்மென்டோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு பார்த்தா இன்ஷூரன்ஸ் எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு காட்டுது, ஆனா கைல இருக்கற பேப்பர்ல அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு

மாமா: ஆன்லைன்ல ஏற லேட் ஆகும்டா. போலீஸ் கேட்டா பேப்பர காட்டு

அனிதா: மாமா அப்படி சொல்லாதீங்க. கார்த்தி, கம்பெனிக்கு போன் பண்ணு. பேப்பர்ல அடிச்சிருக்கற நம்பருக்கு வேணாம், அவங்க வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு பண்ணு

கார்த்தி: பண்ணிட்டேன்க்கா. அப்படி ஒரு பாலிசியே இல்லையாம்

சித்தி: அய்யோ. மாட்டுனா ஃபைன் கட்டிட்டா போதுமா

அனிதா: இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டுனா முதல் தடவை 2000 ரூபா ஃபைன் இல்லன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம், மறுபடி மாட்டுனா ஃபைன் 4000. ஆனா போலி பேப்பர நிஜம்னு காட்டுறது தனி கேஸ் சித்தி. குற்றத்துக்கு தண்டனை சொல்ற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 340வது பிரிவுல, போலிய செஞ்சவனுக்கு என்ன தண்டனையோ காட்டுனவனுக்கும் அதே தான், ஏமாத்தறதுக்காக செஞ்ச போலின்னா 7 வருஷம் வரைக்கும் போகும்

மாமா: ஏமாந்தது இவன்மா. இவனுக்கு எப்படி தெரியும்

அனிதா: நேத்து வரைக்கும் தெரியாது மாமா, இப்ப தெரிஞ்சு போச்சுல்ல. இனிமே அந்த பேப்பர நீட்டுனா தெரிஞ்சே செஞ்சதா தான் ஆகும்

அனிதா: டேய், அந்த புரோக்கர் எவ்ளோ கம்மியா போட்டு குடுத்தான்?

கார்த்தி: பாதி தான்க்கா. டிஸ்கவுன்ட்னு சொன்னாரு

அனிதா: தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம்ம வண்டியால அடிபடறவங்களுக்கான இன்ஷூரன்ஸுக்கு, ரேட் கவர்மென்ட் ஃபிக்ஸ் பண்றது, எஞ்சின் சிசிய பொறுத்து எல்லா கம்பெனிலயும் ஒரே ரேட். அதுல பாதி விலைனு எவன் சொன்னாலும் சந்தேகப்படணும்

அனிதா: எனக்கு ஜெயில விட பெரிய பயம் வேற. யார் மேலயாவது மோதி அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாலிசியே இல்லாததால கம்பெனி ஒரு ரூபா தராது, விபத்து கேஸ் விசாரிக்கற டிரிப்யூனல் சொல்ற நஷ்டஈடு முழுசும் ஓனர் தலைல, கட்டலன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணுவாங்க. அடிபட்ட குடும்பமும் காசு கைக்கு வராம வருஷக்கணக்கா அலையும், அத நினைச்சு பாரு

கார்த்தி: சாவிய அம்மாகிட்ட குடுத்துட்டேன். இப்ப என்ன பண்ணட்டும்

அனிதா: தேர்ட் பார்ட்டி பாலிசி கம்பெனி சைட்லயே இன்னிக்கே போடு. புரோக்கரோட பேசுன சாட், பணம் அனுப்புன ஸ்க்ரீன்ஷாட் எதையும் டெலிட் பண்ணாத, அந்த பேப்பரையும் கிழிச்சுடாத, ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்க அதெல்லாம் வேணும். ஆர்சியும் சந்தேகம் தான், வண்டில குத்தியிருக்கற சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் ஆர்சியோட ஒப்பிட்டு பாரு, சுரண்டுன மாதிரி இருந்தா நேரா ஆர்டிஓ ஆபீஸ்

மாமா: ஸ்டேஷனுக்கு தனியா போகாதடா, நானும் வரேன். நான் சொன்னத விட்டுடு

சித்தி: அனிதா, எங்க காருக்கும் அவர் தான்மா போட்டு குடுத்தாரு

அனிதா: வண்டி நம்பர் அனுப்புங்க சித்தி, இப்பவே பார்க்கறேன். சித்தப்பாவ கார எடுக்க வேணாம்னு சொல்லுங்க