ஈமேக்ஸில் பக் எண்ணுக்கு இணைப்பு: தளம் இரண்டு, என்ன வழி?

நிரலின் குறிப்புரையில் உள்ள பக் (பிழை) எண்ணைச் சொடுக்கியதும் பிழைப்பதிவுத் தளத்தில் அதன் பக்கம் திறக்க, ஈமேக்ஸ் உரைத்திருத்தியின் பக்-ரெஃபரன்ஸ்-ப்ராக்-மோடைப் பயன்படுத்துகிறேன். அருமையான வசதி, தளம் ஒன்றாக இருக்கும்வரை! எங்கள் பழைய பிழைகள் பக்ஸில்லா என்ற தளத்தில், புதியவை கிட்லேப் என்ற தளத்தில் இருக்கின்றன. ‘பக் 4127’ என்றாலும் ‘#212’ என்றாலும் கிட்லேப்புக்கே போகிறது. ஈமேக்ஸ் 28ஆம் பதிப்பிலிருந்து நிரல் களஞ்சியத்தின் முகவரியைப் பார்த்துத் தானாக அமைத்துக்கொள்கிறதே, அதற்கும் பக்ஸில்லா தெரியவில்லை.

இணைப்பு முகவரியின் வடிவமாக ஒரே சரத்துக்கு (string) பதில், முகவரியைக் கணித்துத் தரும் ஃபங்ஷன் கொடுத்தால் இரண்டும் பிரிகின்றன. ஆனால் அதைக் கோப்புறையின் அமைப்புக் கோப்பில் வைத்தால், ‘பாதுகாப்பற்ற மதிப்பு’ என்று ஈமேக்ஸ் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு நச்சரிக்கிறது. எல்லோருடைய தொடக்கக் கோப்பிலும் கைவைக்காமல் இதைத் தீர்க்க வழி உண்டா? மாதிரி வரிகள் இருந்தால் பகிருங்கள்.