மட்டக்களப்புப் பக்கம் தமிழில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனொனிமஸ், குடியை விட விரும்புறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் துணையாக் கூடுற குழு) கூட்டம் தேடுறது எப்படி?

வாவிக்கரை:
கல்லடியில ஒருவர், வயது 42. தினமும் அரைப் போத்தல் சாராயம். விடவேணும் எண்டு அவரே கேக்கிறார். கொழும்புக் கூட்டத்துக்குக் கிழமைக்குக் கிழமை பஸ் ஏற ஏலாது. இங்கிருந்தே தமிழில சேர வழி என்ன? போக முதல் குடியை நிப்பாட்டியிருக்க வேணுமா? ஊருக்குள்ள கதை பரவவும் கூடாது.

நாணற்காடு:
நிப்பாட்டிப்போட்டுத்தான் வரவேணும் எண்டு ஏ.ஏ.யில விதி இல்லை. விட விருப்பம் இருந்தாப் போதும், காசும் இல்லை. ஆனா தினம் அரைப் போத்தல் எடுக்கிறவர் வீட்டில திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. இதைத்தான் ஆக்கள் பிழையாச் செய்யிறது.

கடைசியாக் குடிச்சு 6 மணித்தியாலம் போனாலே கை நடுக்கம், வியர்வை, ஓங்காளம் தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில சிலருக்குப் புத்தி தடுமாறும்: இல்லாத பூச்சியைப் பாயில தட்டுவார், இரவா பகலா எண்டு தெரியாது. 'பேய் பிடிச்சிட்டு' எண்டு தண்ணி ஓதக் கொண்டுபோறது இந்த நேரத்திலதான். அது உயிர் போற நிலை. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்க.

முதல்ல மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவில காட்டுங்க. எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக் குடிச்சது எத்தனை மணிக்கு, முந்தி வலிப்பு வந்ததா, இந்த மூண்டையும் துண்டில எழுதிக் கொண்டுபோங்க. வேற நோய்க்கு வார்ட்டில கிடக்கிறவர் குடியை மறைச்சா மூண்டாம் நாள் குழம்புவார். டொக்டர் காரணம் தெரியாம நிப்பார்.

பட்டிப்பளை:
கூட்டம் தேடுற விசயம். போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின்ட 1927, மனநல நிறுவனத்தின்ட 1926, இரண்டு ஃபோன் நம்பரிலயும் கேக்கலாம். 'உதவி வேணும்' எண்டு பொதுவாச் சொன்னா ஆலோசனை சொல்லிட்டு வைச்சிடுவாங்க. 'மட்டக்களப்பு, தமிழ், மதுவுக்கான ஆதரவுக் குழு, கிழமைக்கு ஒருக்கா' எண்டு திட்டமாக் கேளுங்க.

கையில ஃபோன் இருந்தா இணையவழிக் கூட்டம் லேசு. தமிழ்நாட்டில ஏ.ஏ. குழுக்கள் கனக்க இருக்கு; நேரமும் நமக்கும் அவைக்கும் ஒண்டுதான். லண்டன் குழு எண்டா கோடையில நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில ஐந்தரை. மார்ச்சிலயும் ஒக்டோபரிலயும் நேரம் மாறக்குள்ளதான் ஆக்கள் கூட்டத்தைத் தவறவிடுறது.

சூமில உங்கட முழுப்பேர் தானா விழும். உள்ள போக முதல் அதை ஒரு எழுத்தா மாத்துங்க. வீடியோவை நிப்பாட்டினா டேட்டாவும் மிஞ்சும், முகமும் தெரியாது. ஸ்பீக்கரில போடாம இயர்ஃபோன் போடுங்க, அடுத்தவர் சொல்றதும் வீட்டாருக்குக் கேக்கக் கூடாது. 'மூடிய கூட்டம்' குடிப் பிரச்சினை உள்ளவருக்கு மட்டும். 'திறந்த கூட்டம்' எண்டா மனைவியும் கூட இருக்கலாம். முதல் நாள் பேசாமலே கேட்டுட்டு வரலாம், ஆரும் பிடிச்சு எழுப்பமாட்டாங்க. ஒரு கூட்டத்தோட 'சரிவராது' எண்டு விடாதீங்க. குழுவுக்குக் குழு குணம் வேற. ஆறு தரமாவது போய்ப் பாத்து முடிவெடுக்கட்டும்.

தேத்தண்ணிக்கடை:
நேரில வேணுமெண்டா நீங்களே தொடங்கலாம் அக்கா. குடியை விட எண்டு இரண்டு மூண்டு பேர் கூடினாலே அது ஏ.ஏ. குழுதான், ஆரிட்டயும் அனுமதி எடுக்கத் தேவையில்லை. ஆனா கூப்பிடுறவர் குடியை விட்டவராகவோ விட நினைக்கிறவராகவோ இருக்க வேணும். சங்கத் தலைவரோ கிராம சேவகரோ கூட்டினா அது புத்திமதிக் கூட்டமா மாறிடும், மறுகா ஒருத்தரும் வரமாட்டாங்க.

கல்லடி ஆளுக்குக் கல்லடியில இடம் பாக்காதீங்க. பாலத்துக்கு அங்கால டவுனிலயோ, களுவாஞ்சிக்குடிப் பக்கமோ நல்லம். அக்கரைப்பற்று ஆளுக்குக் கல்முனை. போற வழியில தவறணை இருக்கா எண்டும் பாருங்க. தேவாலய மண்டபம் எடுத்தா சிறு வாடகையாவது குடுங்க. அப்பத்தான் அது சமயக் கூட்டம் இல்லை எண்டு இந்துவும் முஸ்லிமும் நம்பி வருவாங்க. வாடகையும் தேத்தண்ணியும் தட்டில விழுற காசில நடக்கட்டும், வெளியில நன்கொடை வாங்குறதில்லை.

ஒரு மணித்தியாலம், கிழமையில ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்க. ஒருத்தர் பேசக்குள்ள மற்றவர் இடையில விழுந்து அறிவுரை சொல்லக் கூடாது. இதுதான் அடிக்கடி உடையிற விதி. போயாவுக்கு (பௌர்ணமிக்கு) சாராயக்கடை பூட்டு எண்டு முதல் நாள் பின்னேரமே வாங்கி வைக்கிற பழக்கம் இருக்கே, அண்டைக்கு ஒரு கூட்டம் மேலதிகமாப் போடுங்க.

வாவிக்கரை:
நன்றி. அவருக்குத் தெரியாமத் தேத்தண்ணியில குளிசை கலக்கச் சொல்லி மனைவிக்கு ஆரோ சொல்லியிருக்காங்க. செய்யலாமா?

நாணற்காடு:
வேணாம். அது டைசல்பிரம் (குடியை விட டொக்டர் குடுக்கிற குளிசை) எண்டா, அது தெரியாமச் சாராயம் குடிச்சதும் முகம் சிவந்து, சத்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இதய நோய் இருந்தா உயிருக்கே ஆபத்தாகலாம். குளிசையை நிப்பாட்டி 2 கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கு. அவருக்குத் தெரிஞ்சு, டொக்டர் எழுதினா மட்டும்தான் குடுக்கிறது. மனைவிக்கு அல்-அனான் எண்டு குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம் இருக்கு; இணையவழித் தமிழ்க் கூட்டம் கேக்கக்குள்ள அதையும் சேர்த்துக் கேளுங்க.