கயோட்டி வருகிறது, கிட்டே வராமல் திரும்பிவிடுகிறது: ஊதலை மாற்றவேண்டுமா?

மெஸ்கீட்_நிழல்:
டெக்சஸில் அபிலீன் பக்கம், மெஸ்கீட் என்ற முட்புதர் மண்டிய ராஞ்ச் (கால்நடைப் பண்ணை). ஆடுகள் குட்டி போடுவதற்குள், ஓநாய்க்குச் சிறிய உறவான கயோட்டிகளைச் சுட்டுக் குறைக்கவேண்டும் என்கிறார் நிலக்காரர். கையில் இருப்பது, முயல் கதறுவதுபோல் ஒலித்து அவற்றை வரவழைக்கும் க்ளோஸ்டு ரீட் ஊதல் (ரீட் என்ற அதிரும் தகடு உள்ளே மூடியிருக்கும் வகை) ஒன்றுதான். சத்தம் கேட்டு வருகின்றன. ஆனால் 200 கெஜத்தில் நின்று, வளைந்து சுற்றிப் போய் மறைந்துவிடுகின்றன. வேறு ஊதல் வாங்கலாமா, இல்லை பதிவுசெய்த சத்தத்தை எழுப்பும் எலக்ட்ரானிக் காலர் கருவியா?

காற்றுமுகம்:
ஊதலில் குறை இல்லை நண்பரே. சத்தம் பிடிக்காவிட்டால் அவ்வளவு தூரமே வந்திருக்காது. சுற்றிப் போவது மோப்பத்துக்காக. காதில் கேட்டதை மூக்கால் உறுதி செய்யாமல் கயோட்டி கிட்டே வராது. உங்கள் வாடை போகும் பக்கத்துக்கே வரும். அதனால் காற்று கன்னத்தில் பக்கவாட்டாக அடிக்கும்படி உட்காருங்கள். காற்று போகும் பக்கம் வெட்டவெளியாக, சுடும் தூரத்துக்குள் இருக்கட்டும். அந்தப் பக்கம் அடர்ந்த புதர் என்றால் அந்த இடமே வேண்டாம்.

வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்து, கதவை அறையாமல் சாத்துங்கள். புதருக்குப் பின்னால் ஒளியாதீர்கள். அதன் முன்னால், நிழலில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க உட்காருங்கள்.

முதலில் மெதுவாக 20, 30 விநாடி ஊதிவிட்டு ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். பக்கத்திலேயே படுத்திருப்பது திடீர்ச் சத்தத்தில் மிரண்டு ஓடும். பிறகு சத்தத்தைக் கூட்டலாம். 15 முதல் 20 நிமிடம் போதும். ஒன்றும் வராவிட்டால் இடம் மாறுங்கள். திறந்த வெளியில் ஒரு மைலாவது தள்ளிப் போகவேண்டும்.

சீவாளி:
காற்றைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும், ரீட் வெளியே தெரிந்து உதட்டால் அழுத்தி ஊதும் ஓப்பன் ரீட் ஒன்று வாங்கிவிடுங்கள். க்ளோஸ்டு ரீட் பழக எளிது, ஆனால் ஒரே சுருதிதான். கடுங்குளிரில் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து ரீட் ஒட்டிக்கொள்ளும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன் ரீடில் உதடு ரீடை எங்கே அழுத்துகிறது என்பதுதான் எல்லாம். நுனியில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைந்து எலிக் கீச்சு, சின்ன முயல் கதறல். உள்ளே தள்ளி அழுத்தினால் சுருதி இறங்கி ஜாக்ராபிட் என்ற பெரிய காட்டுமுயலின் கதறல். அங்கிருந்து உதட்டை வழுக்கினால் ஊளை. கன்னத்தை உப்பாமல் அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளுங்கள். ரொம்ப அழுத்தினால் ஒலியே எழாது. எச்சிலோ மணலோ சிக்கிக் கரகரத்தால், ஒரு டாலர் நோட்டை ரீடுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் போதும், ரீட் மடங்காது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இணைசேரும் காலம். தனி ஊளை இரண்டு மூன்று விட்டுவிட்டு அமைதியாக இருங்கள். குரைப்பு கலந்த சவால் ஊளையைப் புதியவர்கள் தொடவேண்டாம், இளசுகள் பயந்து விலகிவிடும்.

ராஞ்ச்_வேலி:
காலருக்கும் இடம் உண்டு. கை ஊதலில் கயோட்டியின் பார்வை நேராக உங்கள் மேல் விழும். கை அசைந்தால் போச்சு. காலரை 40, 50 கெஜம் தள்ளி, காற்று வரும் பக்கம் வையுங்கள். காலரிலிருந்து காற்று போகும் பக்கம் சுற்றி மோப்பம் பிடிக்க வருவது உங்கள் முன்னால்தான் கடக்கும். டெக்சஸில் தனியார் நிலத்தில் கயோட்டிக்குக் காலர் வைப்பது சட்டப்படி சரி. வேறு மாநிலம் போனால் அங்கத்திய விதியைப் பாருங்கள்.

இன்னொன்று: நேராக ஓடிவரும்போது ஊதுவதை விட்டுவிடுங்கள். தயங்கி நின்றால் மட்டும் உதட்டாலேயே மெல்லக் கீச்சிடுங்கள். துப்பாக்கியைத் தோளில் பதித்த பிறகு, வாயால் ஒரு குரைப்பு, சட்டென்று நிற்கும். அந்த இரண்டு மூன்று விநாடிதான் உங்களுக்கு.